நூல் பிடித்து விண்மீன் அளந்தவர்



பேரவை மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று கேட்டார்கள். காந்தி, காமராஜர், அப்துல் கலாம் மூவரையும் மற்ற நண்பர்கள் முன்னாடியே பிடித்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர், நம் பக்கத்து ஊர்க்காரராக இருந்தும் நம்மில் பலர் கேள்விப்படாதவர். பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தில் சுமார் 40 வருஷம் உழைத்தவர். அவர் இறந்து 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இவரை ஏன் எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்களை எங்கள் ஊர்க் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும்.

பொங்கல் ராத்திரியும் தெற்கு வானமும்

எங்கள் ஊர் மாமல்லபுரம். பொங்கலை ஒட்டி, மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடற்கரையில் நின்று, கரையோரமாகத் தெற்கே பாருங்கள். இடது கைப் பக்கம் கொஞ்சம் உயரத்தில் வெள்ளையாக ஒரு பெரிய நட்சத்திரம் தெரியும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம். மொத்த வானத்திலும் பிரகாசத்தில் இரண்டாம் இடம் அதற்குத்தான். இப்போது கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அடிவானத்தில் இருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில், நேர் தெற்கே, ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு இடம் இருக்கிறதல்லவா? ரகுநாதாச்சாரியின் நட்சத்திரம் அங்கேதான் இருக்கிறது.

வெறுங் கண்ணுக்கு அது தெரியாது. அதன் பெயர் ஆர் ரெடிகுலி. அது கலங்கரை விளக்கம் மாதிரி ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம். நம் ஊர்க் கலங்கரை விளக்கம் சில வினாடிக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. இந்த நட்சத்திரத்துக்கு ஒரு சுற்று முடிய சுமார் 278 நாள் ஆகிறது. அதை 1867-ல் கண்டுபிடித்தவர் நம்ம ஆள்!

நுங்கம்பாக்கத்துக் கல் தூண்

சென்னை வானாய்வு நிலையத்தின் கதை 1786-ல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி என்பவர் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வுக் கூடம் வைத்தார். பிறகு கம்பெனியே அதை ஏற்றுக்கொண்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்குவதற்கு ஒரே கல்லால் ஆன பெரிய கருங்கல் தூண் ஒன்றை நட்டார்கள். அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் அந்தத் தூண் இன்னும் நிற்கிறது.

கருவிக்கு எதற்குக் கருங்கல் தூண்? நம் மெஷின் ஷாப்பில் லேத்துக்குக் கீழே கான்கிரீட் ஃபவுண்டேஷன் எதற்கோ, அதற்குத்தான். ஆட்டம் இருந்தால் அளவு வராது.

இந்த நிலையத்தில் 1840 வாக்கில் ரகுநாதாச்சாரி அடிமட்ட வேலை ஒன்றில் சேர்ந்தார். அப்போது டெய்லர் என்ற ஆங்கிலேயர் அங்கே தலைமை வானியலாளராக இருந்தார். 11,015 நட்சத்திரங்களின் இடத்தை அளந்து பட்டியல் போட்டவர் அவர். ரகுநாதாச்சாரியோ பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. வாங்க நினைத்தாலும் முடிந்திருக்காது. சென்னைப் பல்கலைக்கழகமே 1857-ல்தான் தொடங்கியது. கருவியைத் துடைத்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, எண்களைப் படியெடுத்து நடக்கும் ஒரு இடத்தில், பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். படிப்படியாக ஏறி முதல் உதவியாளர் ஆனார். ஐரோப்பியத் தலைவருக்கு அடுத்த நாற்காலி அது. இந்தியர் ஒருவர் அங்கே எட்டக்கூடிய உயரம் அன்றைக்கு அவ்வளவுதான்.

கண்ணும் காதும்

1861-ல் நார்மன் போக்சன் என்பவர் தலைவராக வந்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்று உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோலை 1856-ல் வகுத்துக் கொடுத்தவர் இவர்தான். அந்த அளவுகோலில் எண் ஏற ஏற ஒளி குறையும். ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வித்தியாசம். போக்சனும் ரகுநாதாச்சாரியும் சேர்ந்து ஒரு பெரிய வேலையில் இறங்கினார்கள். லண்டனில் செய்து வந்த நண்பகல்கோட்டுக் கருவி ஒன்றைக் கொண்டு, நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அளப்பது. 1862-ல் தொடங்கிய அளவை 1887 வரை நடந்தது. 5,303 நட்சத்திரங்கள்!

எப்படி அளந்தார்கள் தெரியுமா? இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம்ம மெட்ராலஜி பாடம் மாதிரியேதான்.

அந்தத் தொலைநோக்கி வடக்கு-தெற்காக மட்டும்தான் சாயும். கிழக்கே மேற்கே திரும்பாது. கண் வைக்கும் குழாய்க்குள் மெல்லிய இழைகள் கட்டியிருக்கும். அந்தக் காலத்தில் இதற்குச் சிலந்தி நூலையே பயன்படுத்துவார்கள். பூமி சுழலுவதால் நட்சத்திரம் அந்த நூல்களை ஒவ்வொன்றாகக் கடந்து போகும். பக்கத்தில் ஊசல் கடிகாரம் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். கண் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். காது விநாடியை எண்ண வேண்டும். இரண்டு டிக்குக்கு நடுவில் எந்தப் பத்தில் ஒரு பங்கில் நட்சத்திரம் நூலைத் தொட்டது என்று மனசு சொல்ல வேண்டும். இது ஒரு அளவு. கருவியோடு சேர்ந்த வட்டத்தில் வெட்டிய கோடுகளை நுண்ணோக்கியால் படித்து உயரத்தை எடுப்பது இன்னொரு அளவு. இரண்டும் சேர்ந்தால் நட்சத்திரத்தின் விலாசம் கிடைத்துவிடும்.

ஒரு ராத்திரி இல்லை, இரண்டு ராத்திரி இல்லை. கொசுக்கடியில், புழுக்கத்தில், பனியில், வருஷக்கணக்காக. காலையில் உட்கார்ந்து அந்த எண்களைத் திருத்தி எழுதும் வேலை வேறு. கால்குலேட்டர் கிடையாது, லாகரிதம் டேபிள்தான். செமஸ்டருக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு எழுதுவதற்கே நாம் எவ்வளவு சலித்துக்கொள்கிறோம்!

ஒளி மாறும் நட்சத்திரம்

இப்படி அளக்கும்போது இடத்தோடு பிரகாசத்தையும் குறித்து வைப்பார்கள். அந்தக் குறிப்புகளில்தான் புதையல் கிடைக்கும். ஒரே நட்சத்திரத்துக்கு ஒரு பக்கத்தில் ஒரு ஒளி, இன்னொரு பக்கத்தில் வேறு ஒளி எழுதியிருந்தால் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, பார்த்தவர் தப்பு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் நட்சத்திரமே மாறியிருக்க வேண்டும். தன் அளவின் மேல் நம்பிக்கை இருப்பவனால்தான் நட்சத்திரம் மாறிவிட்டது என்று துணிந்து சொல்ல முடியும். 1867-ல் ரகுநாதாச்சாரி அப்படிச் சொன்னார். அது உண்மையாகவும் இருந்தது.

ஒரு விண்மீன் கூட்டத்தில் முதலாவதாகக் கண்டுபிடிக்கப்படும் ஒளி மாறும் நட்சத்திரத்துக்கு ஆர் என்ற எழுத்தைக் கொடுப்பது வழக்கம். எனவே ரெடிகுலம் கூட்டத்தில் முதல் மாறும் நட்சத்திரமாக இது ஆர் ரெடிகுலி ஆயிற்று. ரெடிகுலம் என்றால் என்ன? தொலைநோக்கிக் குழாய்க்குள் கட்டியிருக்கும் அந்த நூல் வலைதான்! லகாய் என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் வானத்தை அளந்தபோது, தனக்கு உதவிய கருவிகளின் பெயரையே கூட்டங்களுக்கு வைத்துவிட்டார். நூல் வலைக்குப் பக்கத்துக் கூட்டத்தின் பெயர் ஊசல் கடிகாரம். வாழ்க்கை முழுக்க நூலையும் கடிகாரத்தையும் நம்பி அளந்த மனிதருக்கு, நூல் வலையின் உள்ளேயே ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

அதன் ஒளி, உச்சத்தில் இருக்கும்போது சுமார் 6.5 என்ற அளவுக்கு வரும்; வெறுங்கண் பார்வையின் விளிம்பு அது. அடங்கும்போது 14 வரை இறங்கிவிடும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். இந்த ஜாதி நட்சத்திரங்களை மைரா வகை என்பார்கள். வயசான, உப்பிப் பெருத்த, சிவந்த நட்சத்திரங்கள். மூச்சு விடும் மார்பு மாதிரி விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும்.

கிரகணத்தைத் தேடிப் போனவர்

1868 ஆகஸ்ட் 18-ல் தென்னிந்தியாவின் மேல் ஒரு முழுச் சூரிய கிரகணம் விழுந்தது. உலகத்து வானியலாளர்கள் எல்லாம் இங்கே ஓடி வந்தார்கள். போக்சன் மசூலிப்பட்டினம் போனார். இன்னொரு குழுவுக்கு ரகுநாதாச்சாரியைத் தலைவராக்கி, இன்றைய தெலங்கானாவில் இருக்கும் வனபர்த்திக்கு அனுப்பினார். வெள்ளைக்கார அதிகாரியைத் தவிர வேறு யாரும் தலைமை ஏற்பது அபூர்வமாக இருந்த காலம். அடுத்து 1871 டிசம்பர் 12-ல் இன்னொரு முழுக் கிரகணம் தமிழ்நாட்டின் குறுக்கே போனது. அதைப் பார்க்க அவினாசியில் முகாம் போட்ட குழுவிலும் ரகுநாதாச்சாரி இருந்தார்.

1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கழகத்தில் இடம் பெற்ற முதல் இந்தியர் என்று வரலாறு அவரைச் சொல்கிறது. அடிமட்டத்தில் சேர்ந்த ஒருவர், பட்டம் இல்லாமல், தன் அளவுகளின் சுத்தத்தை வைத்து மட்டுமே எட்டிய இடம் இது என்றால் மிகையாகாது.

பஞ்சாங்கத்தில் ஒரு ஜீரோ எரர்

இனி வருவதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த பகுதி.

ஸ்க்ரூ கேஜை எடுத்தவுடன் முதலில் என்ன செய்கிறோம்? மூடிப் பார்த்து ஜீரோ எரர் எவ்வளவு என்று குறிக்கிறோம். அதைக் கழிக்காமல் எவ்வளவு கவனமாக அளந்தாலும் விடை தப்பு. பஞ்சாங்கத்திலும் அப்படி ஒரு பிழை சேர்ந்திருந்தது. வாக்கியப் பஞ்சாங்கம் என்பது முன்னோர் வகுத்த சூத்திர வாக்கியங்களை வைத்துக் கணிப்பது. வகுத்த காலத்தில் அது பொருந்தியது. ஆனால் சிறு சிறு பிழைகள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து, ஏட்டில் எழுதிய நேரத்துக்கும் வானத்தில் நடக்கும் நேரத்துக்கும் இடைவெளி விழுந்துவிட்டது. கிரகணம் வரும்போது ஊரே பார்த்துவிடுமே! அதை மறைக்க முடியாது.

ராத்திரி எல்லாம் வானத்தை நேரில் அளந்த மனிதருக்கு இது பொறுக்குமா? கண்ணால் பார்ப்பதோடு பொருந்தும்படி கணித்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். பழைய கணிப்பை விட மாட்டோம் என்றவர்களிடம் இருந்து எதிர்ப்பு வந்தது. எதிர்ப்பு வந்தது வெளியாட்களிடம் இருந்து இல்லை. பஞ்சாங்கம் கணிக்கும் தன் சொந்த வட்டத்தில் இருந்தே. முன்னோரை அவர் பழிக்கவில்லை. முன்னோரும் வானத்தைப் பார்த்துத்தானே எழுதினார்கள், நாமும் பார்த்துத் திருத்துவோம் என்பதே அவர் நின்ற இடம். வாக்கியமா திருக்கணிதமா என்ற விவாதம் இன்றைக்கும் நம் வீடுகளில் சனிப்பெயர்ச்சி வரும்போது எழுகிறது. அந்த விவாதத்தை அச்சில் ஏற்றி ஊர் நடுவில் வைத்தவர்களில் இவரும் ஒருவர்.

வெள்ளி சூரியனைக் கடந்த நாள்

1874 டிசம்பர் 9-ல் சுக்கிரன், அதாவது வெள்ளிக் கிரகம், சூரியனின் முகத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போனது. இது நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டு, எட்டு வருஷ வித்தியாசத்தில் இரண்டு முறை வரும் அபூர்வ நிகழ்ச்சி. அதை வைத்துச் சூரியனின் தூரத்தைக் கணிக்கலாம் என்று உலக நாடுகள் எல்லாம் குழுக்களை அனுப்பின.

நம்ம மக்கள் அதைக் கண்டு பயப்படக்கூடாது, சாந்தி பரிகாரம் என்று செலவழிக்கக்கூடாது, என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று ரகுநாதாச்சாரி ஒரு சிறு நூல் எழுதினார். அது ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, பல இந்திய மொழிகளிலும் வந்தது. ஒரு பண்டிதரும் ஒரு சித்தாந்தியும் பேசிக்கொள்வது போல, கேள்வியும் பதிலுமாக எழுதியிருந்தார். லண்டன் கழகத்தில் உறுப்பினர் ஆன பிறகும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியும் பாஷையில் எழுத அவருக்கு வெட்கம் இல்லை. முழுக்க ஆங்கிலப் புத்தகத்தில் மூழ்கித் திணறும் எனக்கு இந்த ஒரு விஷயமே போதும், அவரைக் கையெடுத்துக் கும்பிட!

நம் இளைஞர்கள் பயிற்சி பெறுவதற்கென்று நம்மவர்களே ஒரு வானாய்வு நிலையம் அமைக்க வேண்டும் என்றும் அவர் ஆசைப்பட்டார். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. 1880 பிப்ரவரி 5-ல் அவர் காலமானார். நட்சத்திரப் பட்டியல் வேலை முடிய இன்னும் ஏழு வருஷம் இருந்தது. அச்சான புத்தகத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அவர் காட்டிய திசையில் இன்று

கதை அங்கே முடிந்துவிடவில்லை நண்பர்களே. ரகுநாதாச்சாரிக்கு அந்த நட்சத்திரம் ஒரு புள்ளி. ஒளி மாறுகிறது என்று தெரியும். ஏன் மாறுகிறது என்று சொல்ல அன்று யாராலும் முடியாது. இன்று அந்த ஜாதி நட்சத்திரங்களின் மேல் காற்றையே அளக்கிறார்கள்.

முதலில் ஒரு சிக்கல். நட்சத்திரம் எவ்வளவு பெரிசாக இருந்தாலும், தூரம் காரணமாகத் தொலைநோக்கியிலும் புள்ளியாகவே தெரியும். புள்ளியின் அகலத்தை எப்படி அளப்பது? இதற்கு வழி, ஒளியும் ஒரு அலை என்பதில் இருக்கிறது. செங்கல்பட்டு கொளவாய் ஏரியில் இரண்டு கல்லைப் பக்கம் பக்கமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு அலையும் வந்து சேரும்போது, மேடும் மேடும் சேர்ந்த இடம் உயரும். மேடும் பள்ளமும் சேர்ந்த இடம் தட்டையாகிவிடும். அதே மாதிரி, தள்ளித் தள்ளி வைத்த இரண்டு தொலைநோக்கியில் இருந்து ஒரே நட்சத்திரத்தின் ஒளியைக் கொண்டு வந்து சேர்த்தால், வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் மாறி மாறி விழும். நட்சத்திரம் வெறும் புள்ளியாக இருந்தால் கோடுகள் பளிச்சென்று இருக்கும். அதற்கு அகலம் இருந்தால், இடது ஓரத்தின் கோடும் வலது ஓரத்தின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விலகி விழுந்து மங்கிப் போகும். எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து அகலத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இதுதான் குறுக்கீட்டு அளவை. 1920-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் திருவாதிரை நட்சத்திரத்தின் அகலத்தை முதன்முதலில் இப்படித்தான் அளந்தார்கள்.

சிவந்த நட்சத்திரங்களுக்கு இதை அகச்சிவப்பு ஒளியில் செய்வதுதான் தோது. அவை சூடு குறைந்தவை; சுமார் 3,000 டிகிரிதான். பழுக்கக் காய்ச்சிய இரும்பு போல, தங்கள் ஒளியில் பெரும் பங்கை அகச்சிவப்பில்தான் வெளியே விடுகின்றன. அதோடு, நம் பூமிக் காற்றின் நடுக்கம் அகச்சிவப்பை அவ்வளவாகக் கலைப்பதில்லை.

இப்போது ஒரு ஆச்சரியம் சொல்கிறேன். ரகுநாதாச்சாரியின் நட்சத்திரத்தில் இருந்து ஒரே ஒரு டிகிரி தள்ளி, அதாவது இரண்டு முழு நிலா அகலத்தில், ஆர் டோராடஸ் என்று இன்னொரு துடிக்கும் சிவப்புப் பூதம் இருக்கிறது. தூரம் சுமார் 180 ஒளியாண்டு. 1997-ல் தொலைநோக்கிக்குள் துளைகள் போட்ட ஒரு தகட்டை வைத்து, ஒவ்வொரு துளையையும் ஒரு தனித் தொலைநோக்கி மாதிரி பயன்படுத்தி, அகச்சிவப்பில் அதன் அகலத்தை அளந்தார்கள். ஒரு டிகிரியில் 3,600 பாகம் ஒரு விகலை, அதில் 0.057 பங்கு என்று வந்தது. புரியும்படி சொல்வதானால், எங்கள் ஊர்க் கடற்கரையில் வைத்த இரண்டரை சென்டிமீட்டர் நாணயத்தைப் பாண்டிச்சேரியில் இருந்து பார்க்கிற அகலம்! சூரியனைத் தவிர, பூமியில் இருந்து பார்க்க மிகப் பெரிசாகத் தெரியும் நட்சத்திரம் அதுதான் என்று அப்போது தெரிந்தது. ட்ரில்லிங் மெஷினில் தகட்டுக்கு ஓட்டை போடுகிற நம்ம வேலை, நட்சத்திரத்தை அளக்கும் வேலைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

சிலி நாட்டு மலை மேல் 8.2 மீட்டர் அகலக் கண்ணாடி உள்ள நான்கு தொலைநோக்கிகளைச் சேர்த்து, இந்த வகை நட்சத்திரங்களை வருஷக்கணக்காக அளந்து வருகிறார்கள். அதில் தெரிந்தது என்ன? எந்த அகச்சிவப்பு நிறத்தில் பார்க்கிறோமோ அதற்குத் தகுந்தபடி நட்சத்திரத்தின் அளவே மாறுகிறது! காரணம், அதற்கு நம் சூரியனைப் போலத் தெளிவான விளிம்பு கிடையாது. மேலே நீராவியும் கார்பன் மோனாக்சைடும் சுற்றிப் படர்ந்திருக்கின்றன. ஆமாம், நட்சத்திரத்தின் மேல் நீராவி! அந்த நிறத்தில் பார்த்தால் நட்சத்திரம் பெருத்துத் தெரிகிறது. ஆவி மறைக்காத நிறத்தில் பார்த்தால் உள்ளே இருக்கும் மேனி தெரிகிறது.

ஆயிரம் மடங்கு ஒளி ஏன் குறைகிறது என்பதும் விளங்கிவிட்டது. நட்சத்திரம் விரிந்து குளிரும்போது அதன் மேல் காற்றில் டைட்டானியம் ஆக்சைடு உருவாகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிடுகிறது. அகச்சிவப்பில் பார்த்தால் அவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. ஒவ்வொரு துடிப்பும் மேல் காற்றை வெளியே தள்ள, அது குளிர்ந்து தூசியாகி, வெளியில் பறந்து போகிறது. அந்தத் தூசியில் இருந்து பின்னால் புது நட்சத்திரங்களும் கிரகங்களும் பிறக்கும். இன்னும் சுமார் 500 கோடி வருஷத்தில் நம் சூரியனுக்கும் இதே கதிதான்.

2023-ல் அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கிக் கூட்டம் ஆர் டோராடஸைப் படம் எடுத்தது. 2024-ல் அது வெளிவந்தது. கொதிக்கும் சோற்றுப் பானை மாதிரி, அதன் மேல் வாயுக் குமிழிகள் எழுந்து அடங்குகின்றன. ஒரு குமிழி மட்டும் நம் சூரியனைப் போல 75 மடங்கு அகலம்!

ரகுநாதாச்சாரி ஆசைப்பட்ட வானாய்வு நிலையமும் வந்துவிட்டது. 1899-ல் சென்னை நிலையத்தின் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போனது. அதன் வழிவந்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வு நிலையம் நடத்துகிறது. 1986-ல் அங்கே நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயர் வைத்திருக்கிறார்கள். காவலூரும் எங்கள் மாமல்லபுரமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. அதனால் அங்கிருந்து பார்த்தாலும் ரகுநாதாச்சாரியின் நட்சத்திரம் அதே ஒன்றரை முஷ்டி உயரம்தான்.

கடைசியாக, நான் ஏன் இவரை எடுத்தேன்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பத்தாவது தாண்டியவன் நான். அப்பா கல்பட்டறையில் சிலைக்குப் பாலிஷ் போடுகிறார். பட்டறையில் முதல் வேலை, கல்லின் மேல் நூல் பிடித்துக் கோடு போடுவது. நூல் ஒரு மயிரிழை விலகினாலும் மூக்கு கோணிவிடும். அப்படி எத்தனையோ சிலை எங்கெங்கோ போயிருக்கிறது. எதிலும் அப்பா பெயர் இல்லை.

முதல் வருஷம் எனக்கு நான்கு அரியர். தமிழ் மீடியத்தில் இருந்து வந்தவன். புத்தகத்தைத் திறந்தாலே கண்ணைக் கட்டியது. அப்பாவுக்குக் கல் தூசியால் இருமல் வேறு. படிப்பை நிறுத்திவிட்டுக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடலாம், கம்பெனி பஸ் வாசலுக்கே வருகிறது என்று முடிவே செய்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. ரெண்டு நாள் சாப்பிடும்போது என் முகத்தையே பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ரகுநாதாச்சாரியைப் பற்றிப் படித்தேன்.

படித்ததும் ஞானோதயம் வந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். ஆனால் ஒன்று உறைத்தது. பெரிய பட்டம் வாங்கியவர்கள் மட்டும்தான் உண்மையைக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நூலை நேராகக் கட்டி, கடிகாரத்தைக் காதால் கேட்டு, கிடைத்த எண்ணை மாற்றாமல் எழுதி வைத்த ஒரு உதவியாளர் கண்டுபிடித்திருக்கிறார். அவர் குறிப்பில் ஒரு எண்ணை அலட்சியமாக எழுதியிருந்தால் அந்த நட்சத்திரம் நழுவிப் போயிருக்கும். அளக்கிற கை சுத்தமாக இருந்தால், அது யாருடைய கை என்று வானம் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் மனுஷங்கதான். அதற்கும் ஒரு நாள் பதில் கிடைக்கத்தான் செய்யும்.

ஆகவே நண்பர்களே, லேபில் ரீடிங் வராவிட்டால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும் பழக்கத்தை இன்றோடு விடுவோம். (நானும் எழுதியவன்தான்!) டயல் கேஜ் என்ன காட்டுகிறதோ அதை எழுதுவோம். விடை பொருந்தவில்லை என்றால் முதலில் ஜீரோ எரரைப் பார்ப்போம். அதுவும் சரியாக இருந்தால், ஒருவேளை மாறியிருப்பது நட்சத்திரமாகவே இருக்கலாம்!

மூன்று அரியரை எழுதி முடித்துவிட்டேன். ஒன்று பாக்கி இருக்கிறது. வரும் செமஸ்டரில் முடித்துவிடுவேன். அடுத்த பொங்கலுக்கு யார் வேண்டுமானாலும் எங்கள் ஊருக்கு வரலாம். ஒரு பைனாகுலர் மட்டும் எங்கேயாவது கடன் வாங்கிக்கொண்டு வாருங்கள். அகத்தியருக்கு வலது பக்கம், ஒன்றரை முஷ்டி உயரத்தில், நம்ம ஆளின் இடத்தை நான் காட்டுகிறேன்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை